அல்புமின் 1.8, ப்ரீஅல்புமின் 7: ஐசியூ நோயாளியின் ஊட்டக்குறைவை இரத்தப் பரிசோதனை சொல்லுமா?

ஊட்டவியல்_பயிற்சி

வணக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவ உணவியல் பயிற்சியில் இருக்கிறேன். ஒரு நோயாளியின் எண்களை வைத்துக் கேட்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆண், வயது 64. குடலில் துளை விழுந்து வயிற்றறைக்குள் சீழ். அறுவை முடிந்து செப்சிஸ், அதாவது தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை. இன்று ஐசியூவில் 6-ஆம் நாள், வென்டிலேட்டரில் இருக்கிறார். உயரம் 165 செ.மீ. நான்கு மாதம் முன்பு எடை 58 கிலோ, சேர்த்த அன்று 50, இன்று படுக்கைத் தராசில் 57. சேர்ப்பதற்கு முன் மூன்று வாரம் பாதிச் சாப்பாடுதான். அதில் கடைசி நான்கைந்து நாள் தண்ணீரைத் தவிர ஏறக்குறைய ஒன்றும் உள்ளே போகவில்லை.

அல்புமின் சேர்த்த அன்று 2.9, இன்று 1.8 கிராம்/டெசிலிட்டர். ப்ரீஅல்புமின் 7 மி.கி./டெசிலிட்டர். அழற்சியைக் காட்டும் சிஆர்பி 210 மி.கி./லிட்டர். லிம்போசைட் 700. மூன்று நாளில் பாஸ்பரஸ் 3.1-இலிருந்து 2.3-க்கும், பொட்டாசியம் 3.9-இலிருந்து 3.4-க்கும், மெக்னீசியம் 1.9-இலிருந்து 1.6-க்கும் இறங்கியிருக்கின்றன.

மூக்குக் குழாய் உணவு மணிக்கு 10 மி.லி.யிலேயே நிற்கிறது. கூடவே மூன்று நாளாக 5% டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 75 மி.லி., மயக்க மருந்தான புரோபோஃபால் மணிக்கு 10 மி.லி. ஓடுகின்றன. சர்க்கரைக்கு இன்சுலினும் உண்டு.

குழுவில் பேசப்படும் திட்டம் இது: “அல்புமின் 1.8, கடுமையான ஊட்டக்குறைவு. 20% அல்புமின் ஏற்றுவோம், புரதத்தைக் கூட்டுவோம், நாளைக்கே முழு அளவு உணவு. வாரம் இரண்டு முறை ப்ரீஅல்புமின் பார்த்து, ஏறினால் உணவு போதும் என்று எடுத்துக்கொள்வோம்.” இது சரியா? சரியில்லை என்றால் எந்த இரத்தப் பரிசோதனையைத்தான் நம்புவது?

---

வென்ட்_வார்டு

அவருக்குக் கடுமையான ஊட்டக்குறைவு இருப்பது உண்மை. அதைச் சொல்வது அல்புமின் இல்லை. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் அல்புமினைப் பார்த்து எடுக்கும் முடிவு அவருக்கு நாளைக்கே கெடுதல் செய்யலாம்.

அல்புமினின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், சுமார் 20 நாள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இவருடைய கல்லீரல் சேர்த்த அன்றே அல்புமின் தயாரிப்பை அடியோடு நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், ஆறு நாளில் 2.9 இறங்குவது சுமார் 2.4 வரைதான். இவருக்கு 1.8. மிச்ச இறக்கத்தை எந்தப் பட்டினியாலும் உண்டாக்க முடியாது. அது இரத்தக் குழாயிலிருந்து கசிந்து வெளியே போனது, ஏற்றிய திரவத்தில் நீர்த்துப் போனது, வயிற்று வடிகாலில் வெளியேறியது.

நல்ல உடல்நிலையிலேயே உடலின் அல்புமினில் பாதிக்கு மேல் குழாய்களுக்கு வெளியேதான் இருக்கிறது. மணிக்கு சுமார் 5% வெளியே கசிந்து, நிணநீர் வழியாகத் திரும்பி வருகிறது. செப்சிஸில் இந்தக் கசிவு இரண்டு மூன்று மடங்காகிறது. அதே நேரத்தில் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிச் சமிக்ஞைகளின் தூண்டுதலால் கல்லீரல் சிஆர்பி, ஃபைப்ரினோஜன், ஃபெரிட்டின் பக்கம் திரும்பி, அல்புமின், ப்ரீஅல்புமின், டிரான்ஸ்ஃபெரின் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே இந்த மூன்றும் காட்டுவது அழற்சி எவ்வளவு கடுமை என்பதைத்தான்.

மறுபக்கமும் இதையே உறுதி செய்கிறது. அழற்சி இல்லாமல் வெறும் பட்டினியால் எலும்பும் தோலுமாகிப்போன அனோரெக்சியா நோயாளிகளில் பலருக்கு அல்புமின் 4-ஐ ஒட்டியே இருக்கும். தசையும் கொழுப்பும் கரைந்துபோன உடலில் எண் அழகாக இருக்கிறது. நேற்றுவரை நன்றாகச் சாப்பிட்டவருக்குத் தீக்காயம் பட்டால் மறுநாளே 2-க்கு வந்துவிடுகிறது.

ப்ரீஅல்புமினுக்கு அரை ஆயுள் 2 முதல் 3 நாள் என்பதால் அது “வேகமாகக் காட்டும்” என்று பாடத்தில் வரும். வேகமாகத்தான் காட்டும், ஆனால் அழற்சியின் போக்கை. சீழ் வடிந்து சிஆர்பி 210-இலிருந்து 60-க்கு வந்தால், நீங்கள் ஒரு சொட்டு உணவு கூட்டாவிட்டாலும் ப்ரீஅல்புமின் ஏறும். சிறுநீரகம் பழுதானாலும், ஸ்டீராய்டு கொடுத்தாலும் ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்து “உணவு போதும்” என்று எழுதினால், குறைவாக உண்கிற நோயாளி அப்படியே விடப்படுவார். புதுத் தொற்று வந்து எண் இறங்கினால் தேவையில்லாமல் கலோரி திணிக்கப்படும். அமெரிக்க ஊட்டவியல் சங்கமான ஆஸ்பென் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, இவ்விரண்டையும் ஊட்டக்குறைவின் அளவுகோலாகப் பயன்படுத்தக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது.

லிம்போசைட் 700-ம் அப்படித்தான். செப்சிஸில் அது குறையத்தான் செய்யும்.

20% அல்புமின் பற்றி: 100 மி.லி.யில் 20 கிராம் இருக்கிறது. திரவ மேலாண்மைக்காகச் சில இடங்களில் அதற்குப் பயன் உண்டு, அது வேறு பேச்சு. உணவாக அதை எண்ணவே கூடாது. ஏற்றிய அல்புமின் உடைந்து அமினோ அமிலமாக மாற வாரக்கணக்கில் ஆகும். கசிவு இருக்கும்வரை பெரும்பங்கு வெளியேயும் போய்விடும். எண் இரண்டு நாள் அழகாகத் தெரியும், அவ்வளவுதான்.

சரி, ஊட்டக்குறைவை எப்படிச் சொல்வது? 2019-இல் வந்த கிளிம் என்ற சர்வதேச ஊட்டக்குறைவு அளவுகோல்களை எடுங்கள். உடலில் தெரியும் குறி ஒன்றும், காரணம் ஒன்றும் இருந்தால் போதும். இவருக்கு நான்கு மாதத்தில் 58-இலிருந்து 50, அதாவது 13.8% இழப்பு. ஆறு மாதத்துக்குள் 10%-ஐத் தாண்டினால் அது கடுமை நிலை. பிஎம்ஐ 18.4. காரணப் பக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் உணவுக் குறைவும் கடும் அழற்சியும் இருக்கின்றன. தீர்ப்பு முடிந்துவிட்டது, ஒரு சொட்டு இரத்தமும் எடுக்கவில்லை. சிஆர்பிக்கு மட்டும் இங்கே ஒரு துணை வேலை உண்டு, அழற்சி இருப்பதை உறுதிப்படுத்த.

இன்றைய 57-ஐ வைத்து பிஎம்ஐ போட்டால் 20.9 வரும், எல்லாம் சரி என்று தோன்றும். அந்த 7 கிலோ தண்ணீர். கணக்கு எதுவானாலும் 50-ஐ வைத்துப் போடுங்கள். நெற்றிப்பொட்டு, காறை எலும்புப் பகுதி, தொடை ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். வேறு காரணத்துக்காக எடுத்த வயிற்று சிடி இருந்தால் மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளக்கச் சொல்லுங்கள். குடல் துளை நோயாளிக்கு அது பெரும்பாலும் கையிலேயே இருக்கும்.

---

குழாய்_உணவு

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் இந்தக் கேள்வியில் மிக அவசரமான எண் அல்புமின் அல்ல, பாஸ்பரஸ். எல்லாரும் 1.8-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும்போது 2.3 கண்ணில் படாமல் போகிறது.

அவருக்கு “இன்னும் உணவு தொடங்கவில்லை” என்று நினைக்கிறீர்கள். கூட்டிப் பாருங்கள். டெக்ஸ்ட்ரோஸ் 75 × 24 = 1800 மி.லி., அதில் 90 கிராம் குளுக்கோஸ், கிராமுக்கு 3.4 வீதம் 306 கலோரி. புரோபோஃபால் கொழுப்பில் கலந்து வருவது, 240 மி.லி., மி.லி.க்கு 1.1 வீதம் 264 கலோரி. குழாய் உணவு மி.லி.க்கு ஒரு கலோரி என்றால் 240. மொத்தம் 810 கலோரி, கிலோவுக்கு 16. மூன்று நாளாக உள்ளே போகிறது, அதிலும் ஒரு பங்கு நேரடி குளுக்கோஸ், மேலே இன்சுலின்.

பட்டினி கிடந்த செல் குளுக்கோஸும் இன்சுலினும் கிடைத்ததும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதுதான் ரீஃபீடிங் சிண்ட்ரோம். ஆஸ்பென் 2020 வரையறைப்படி, உணவு மீண்டும் தொடங்கிய 5 நாளுக்குள் இம்மூன்றில் ஏதாவது ஒன்று 10 முதல் 20% குறைந்தால் லேசானது, 20 முதல் 30% நடுத்தரம், 30%-க்கு மேல் அல்லது உறுப்புப் பழுதும் சேர்ந்தால் கடுமை. இவருடைய பாஸ்பரஸ் 26% இறங்கியிருக்கிறது. ரீஃபீடிங் சிண்ட்ரோம் வரக்கூடும் என்ற கட்டத்தை அவர் தாண்டிவிட்டார்; அது தொடங்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வென்டிலேட்டரில் வேகமாக மூச்சு கொடுத்து கார்பன் டை ஆக்சைடு குறைந்திருந்தாலும் பாஸ்பரஸ் விழும், தொடர் டயாலிசிஸிலும் விழும். அவற்றைச் சரிபாருங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இந்த நிலையில் “நாளைக்கே முழு அளவு” என்றால் பாஸ்பரஸ் 1-க்குக் கீழே போகலாம். உதரவிதானம் தளரும், வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பது தள்ளிப்போகும், இதயத் துடிப்பு தடுமாறும்.

செய்ய வேண்டியது:

முதலில் தயமின், அதாவது பி1, சிரை வழியாக 100 முதல் 300 மி.கி. இன்றே கொடுத்து, தினமும் தொடருங்கள். ஆஸ்பென் குறைந்தது 5 முதல் 7 நாள் என்கிறது. இரத்தத்தில் பி1 அளவு பார்க்க அனுப்பினால் முடிவு வர நாளாகும், அதுவரை நிறுத்திவைக்கக் கூடாது. காரணம் தெரியாமல் லாக்டேட் குறைய மறுத்தால் தயமின் பற்றாக்குறையையும் நினையுங்கள்.

அடுத்து டெக்ஸ்ட்ரோஸைக் குறைக்கவோ நிறுத்தவோ மருத்துவரிடம் பேசுங்கள். 306 கலோரி போனால் மொத்தம் 500-ஐ ஒட்டி, அதாவது கிலோவுக்கு 10-ஐ ஒட்டி வந்துவிடும். டிரிப்பை நிறுத்தும்போது இன்சுலினையும் அதே நிமிடத்தில் மறுபரிசீலனை செய்யாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். இது அடிக்கடி நடக்கிற விபத்து.

பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் சேர்த்தே ஈடுகட்டுங்கள். மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் சிறுநீரில் போய்க்கொண்டிருக்கும். கால்சியம் ஓடும் லைனில் பாஸ்பேட்டை விடக் கூடாது, படிந்துவிடும். சிறுநீரகப் பழுது இருந்தால் அளவைக் குறைத்து, ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் அளந்து பார்த்தே அடுத்தது.

மூன்றையும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை முதல் 3 நாள் பாருங்கள். ஐரோப்பிய சங்கமான எஸ்பென் ஒரு எல்லை வைத்திருக்கிறது: பாஸ்பேட் லிட்டருக்கு 0.65 மில்லிமோலுக்குக் கீழே, அதாவது டெசிலிட்டருக்கு சுமார் 2 மி.கி.க்குக் கீழே போனால், ஒரு நாளில் 2 அல்லது 3 முறை அளந்து, 48 மணி நேரம் கலோரியைக் கட்டுப்படுத்திவைத்துப் பிறகு மெல்ல ஏற்றுவது. எண்கள் நிலைத்ததும், இலக்கு கிலோவுக்கு 25 என்றால் 1250. ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு முறை அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 400 கலோரி கூட்டலாம். புரோபோஃபால் வேகம் மாறும் ஒவ்வொரு முறையும் இந்தக் கூட்டலைத் திருப்பிப் போடுங்கள்.

---

சீரம்_மேசை

ஆய்வகப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

அல்புமின் எண்ணையே ஒப்பிடும்போது கவனம் வேண்டும். சாயம் பிணைக்கும் இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன: பிசிஜி என்ற பச்சைச் சாயம், பிசிபி என்ற ஊதாச் சாயம். பச்சைச் சாயம் அழற்சியில் கூடும் குளோபுலின்களையும் ஓரளவு பிடித்துக்கொள்வதால் அல்புமினை அதிகமாகக் காட்டும். அரை கிராம் அளவுக்கு வித்தியாசம் வருவது சாதாரணம். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்ட நோயாளிக்கு ஒரே நாளில் 2.4 என்றும் 1.9 என்றும் வந்தால், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் முறையைக் கேளுங்கள்.

சாம்பிள் எடுக்கும் இடம் இன்னும் முக்கியம். டிரிப் ஓடும் கையில் எடுத்தால் சலைன் கலந்து அல்புமின், பாஸ்பரஸ், ஹீமோகுளோபின் எல்லாம் ஒன்றாகத் தாழும், குளோரைடு மட்டும் உயரும். டெக்ஸ்ட்ரோஸ் கலந்தால் குளுக்கோஸ் 600 என்று வரும், விரல் நுனியில் 160 இருக்கும். மையச் சிரை லைனில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், அதன் எல்லா வழிகளிலும் ஓட்டத்தைக் குறைந்தது 2 நிமிடம் நிறுத்தி, முதலில் வரும் 5 மி.லி.யை ஒதுக்கிவிட்டு எடுங்கள். (மருந்தால் இரத்த அழுத்தம் தாங்கப்படுகிற நோயாளிக்கு அப்படி நிறுத்த முடியாது, தமனி லைனோ மறு கையோதான் வழி.) சிவப்பணு உடைந்த சாம்பிளில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் மெக்னீசியமும் மேலே போகும். ரீஃபீடிங்கில் நாம் தேடுவது குறைவை. உடைந்த சாம்பிள் அந்தக் குறைவை மறைத்து “நார்மல்” என்று காட்டிவிடும். ஆகவே ‘ஹீமோலிசிஸ்’ குறிப்போடு வந்த நார்மலை நம்பாமல் திரும்ப எடுங்கள்.

நுண்சத்துகள்: துத்தநாகம், செலினியம், வைட்டமின் ஏ, டி, சி, பி6 எல்லாம் அழற்சியில் பிளாஸ்மாவிலிருந்து வெளியேறும். சிஆர்பி 20-ஐத் தாண்டிவிட்டால் குறைந்த எண்ணை அப்படியே பற்றாக்குறை என்று படிக்க முடியாது. இவருக்கு 210. இன்று துத்தநாகம் அனுப்பினால் குறைவாகத்தான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. செம்பு எதிர்த்திசையில் போகும்: அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் அழற்சியில் கூடும். எனவே சிஆர்பி அதிகமாக இருந்தும் செம்பு குறைவாக வந்தால் அது பெரும்பாலும் உண்மையான பற்றாக்குறை, நீண்ட நாள் தொடர் டயாலிசிஸில் இருப்பவருக்கு இதைப் பார்ப்பது வீணாகாது. ஃபெரிட்டின் 900 என்று வந்தால் இரும்பு நிறைய இருக்கிறது என்று அர்த்தம் ஆகாது.

எந்த நுண்சத்தைக் கேட்டாலும் அதே சாம்பிளில் சிஆர்பியும் கேளுங்கள். துத்தநாகத்துக்கும் செம்புக்கும் நுண்தனிமம் இல்லாத ட்யூப் வேண்டும், சாதாரண ட்யூபின் ரப்பர் மூடியே துத்தநாகம் விடும். பி1-க்கு முழு இரத்தம், சீரம் அல்ல.

சிஆர்பியிலும் ஒரு பொறி உண்டு. இன்டர்லூக்கின்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் கொடுத்தவருக்கும், கல்லீரல் செயலிழந்தவருக்கும் அழற்சி கொதித்துக்கொண்டிருந்தாலும் சிஆர்பி குறைவாகவே இருக்கும்.

---

ஊட்டவியல்_பயிற்சி

மிக்க நன்றி. 810 கலோரி கணக்கை இப்போதே குழுவிடம் காட்டுகிறேன். ஒரு சந்தேகம் மீதி: உணவு போதுமா என்று தெரிந்துகொள்ள ப்ரீஅல்புமின் வேண்டாம் என்றால், 24 மணி நேரச் சிறுநீர் நைட்ரஜன் சரியா?

---

குழாய்_உணவு

ப்ரீஅல்புமினைவிட அதில் பொருள் உண்டு. ஆனால் சேகரிப்பில் பிழை வராமல் செய்வது கடினம்.

கணக்கு: உண்ட புரதத்தை 6.25-ஆல் வகுத்து, அதிலிருந்து சிறுநீர் யூரியா நைட்ரஜனையும், தோல், மலம் போன்றவற்றுக்காக 4 கிராமையும் கழிப்பது. 60 கிராம் புரதம் என்றால் 9.6. சிறுநீரில் 14 கிராம் என்றால் 14 + 4 = 18. விடை மைனஸ் 8.4.

தவறு நடக்கும் இடங்கள்: நடுவில் ஒரு பை சிறுநீர் கொட்டப்பட்டால் இழப்பு குறைவாகத் தெரிந்து, விடை இருப்பதைவிட நன்றாக வரும். ஆய்வகம் ‘யூரியா’ என்று கொடுத்ததை ‘யூரியா நைட்ரஜன்’ என்று எடுத்துக்கொண்டால் இரண்டு மடங்குக்கு மேல் பிழை; யூரியாவை 0.467-ஆல் பெருக்க வேண்டும். சிறுநீர் குறைந்து இரத்த யூரியா ஏறிக்கொண்டிருந்தால் நைட்ரஜன் உள்ளேயே தேங்குகிறது, சிறுநீர்க் கணக்கு அதைப் பார்க்காது. டயாலிசிஸ் இருந்தால் வெளியேறும் திரவத்தையும் அளந்தாக வேண்டும். இவருக்கு வயிற்று வடிகால் இருக்கிறது. திறந்த வயிற்றுத் திரவத்தில் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் நைட்ரஜன் போகும் என்று சேர்த்துக்கொள்வது வழக்கம்.

இதைவிடப் பெரிய தவறு, மைனஸ் எண்ணைப் பார்த்து அது பூச்சியமாகும்வரை புரதத்தை ஏற்றுவது. முதல் வாரச் சிதைவை உணவால் நிறுத்த முடியாது. 2013-இல் புதுச்சேரி என்பவரின் குழு அல்ட்ராசவுண்டில் அளந்தபோது, 10 நாளில் தொடைத்தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7% குறைந்திருந்தது. 2023-இல் வந்த எஃபர்ட் புரோட்டீன் ஆய்வில் கிலோவுக்கு 2.2 கிராமும் அதற்கு மேலும் கொடுப்பது என்ற இலக்கு, 1.2-க்குள் நிறுத்துவதைவிட நன்மை தரவில்லை. சிறுநீரகப் பழுது இருந்தவர்களுக்குத் தீங்கின் அறிகுறியே தெரிந்தது. எஸ்பென் சொல்லும் 1.3-ஐ நோக்கிப் படிப்படியாகப் போங்கள். 50 கிலோவுக்கு 65 கிராம்.

போதுமா என்பதற்கு முதல் விடை உங்கள் அட்டவணையிலேயே இருக்கிறது: எழுதிய அளவில் எத்தனை சதவீதம் உண்மையில் உள்ளே போனது? ஸ்கேனுக்கும் குளியலுக்கும் நிறுத்தி, திரும்பத் தொடங்க மறந்த மணி நேரங்களை எண்ணுங்கள். கலோரித் தேவையை மூச்சுக்காற்றிலிருந்து அளக்கும் மறைமுக கலோரிமானி இருந்தால் அதற்கு நிகர் எதுவும் இல்லை.

---

அறுவை_அரங்கு

ஒரு மாற்றுக் குரல். அறுவைக்கு முன் அல்புமின் 3-க்குக் கீழே என்றால் நாங்கள் தயங்குகிறோம். எஸ்பென் அறுவை வழிகாட்டுதலிலேயே, கல்லீரல், சிறுநீரகப் பழுது இல்லாதபோது அது கடும் ஊட்ட அபாயத்தின் குறிகளில் ஒன்றாக இருக்கிறது. அதையும் தூக்கி எறிவதா?

---

வென்ட்_வார்டு

எறிய வேண்டாம். குறைந்த அல்புமின் உள்ளவருக்குத் தையல் விடுவதும், தொற்று வருவதும், இறப்பும் அதிகம்; அது உறுதியான செய்தி. அது அபாயக் குறி, அந்த அபாயத்துக்கு ஊட்டக்குறைவு ஒரு காரணமாக இருக்கலாம், ஒளிந்திருக்கும் சீழோ புற்றுநோயோ இன்னொரு காரணமாக இருக்கலாம். அறுவைக்கு முன் நேரம் இருக்கும்போது, “ஏன் குறைந்தது” என்று தேடத் தூண்டும் எண்ணாக அதை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எதிர்ப்பது, ஏற்கெனவே செப்சிஸில் இருப்பவரிடம் அதை உணவுத் திட்டத்தின் மதிப்பெண்ணாக்குவதைத்தான்.

ஐசியூவிலும் அல்புமினுக்கு உண்மையான வேலை உண்டு, அது வேறு எண்களைத் திருத்துவது. அல்புமின் 1 கிராம் குறைந்தால் இரத்தத்தில் அமிலம் சேர்வதைக் காட்டும் அனயான் இடைவெளி சுமார் 2.5 குறைந்து தெரியும். இவருக்கு 4-இலிருந்து 2.2 குறைவு, இடைவெளி 11 என்று அச்சிட்டு வந்தால் திருத்தியது 16.5, லாக்டேட்டைத் தேட வேண்டிய எண். மொத்தக் கால்சியமும் பொய்யாகத் தாழ்ந்திருக்கும், திருத்தச் சூத்திரம் இந்த நோயாளிகளிடம் சறுக்குகிறது. அயனிக் கால்சியத்தை நேரடியாகப் பாருங்கள். வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் ஓடினால் மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும், பிணையாத மருந்து நச்சு அளவில் இருக்கலாம். டோஸைக் கூட்டுவதற்கு முன் பிணையாத அளவைக் கேட்டு வாங்குங்கள்.